லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு மாத்த முடியுமா? எம்.2 அடாப்டர்ல 3060 மாட்டி எட்டு மாசம் ஓட்டின அனுபவம்

பதில மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதே கேள்விய வச்சுக்கிட்டு நானும் ஒரு மாசம் அலைஞ்சிருக்கேன். இப்ப கடைல கெடைக்கிற லேப்டாப் அனேகமா எல்லாத்துலயும் கிராபிக்ஸ் சிப்பு மதர்போர்டோட சேத்து சால்டர் பண்ணித்தான் வருது, கழட்டி வேற போட முடியாது. ஆனா லேப்டாப்புக்கு வெளில ஒரு டெஸ்க்டாப் கார்ட வச்சு இழுக்க முடியும், நான் எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட் வழியா ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட மாட்டி அதத்தான் எட்டு மாசமா பண்ணிட்டு இருக்கேன், எனக்கு சோறு போடறதே இப்ப அந்த செட்டப்தான். எல்லாருக்கும் இது சரிவராது, அதனால நல்லது கெட்டது ரெண்டையும் முழுசா எழுதறேன், காசு போடறதுக்கு முன்னாடி படிச்சிட்டு முடிவு பண்ணுங்க.

நான் திருச்சில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். 2020ல வாங்குன லேப்டாப், ஐ5 10300எச் ப்ராசஸர், உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ், அதுக்கு நாலு ஜிபி மெமரி. ஃபுல் எச்டில வேலை பாத்த வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. எப்ப கேமராமேன்லாம் 4கே 10 பிட்டுல எடுக்க ஆரம்பிச்சாங்களோ அப்பலேர்ந்து தலைவலி, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ரெண்டு கலர் நோடு, அதாவது கலர் திருத்தற படி, போட்டு ரிசப்ஷன் ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் பண்ணா ஜிபியூ, அதாவது கிராபிக்ஸ் சிப்பு, மெமரி ஃபுல்லுன்னு ஒரு மெசேஜ் வந்து அப்படியே நின்னுடும். ரிசப்ஷன் ஹால்ல லைட்டு எப்படி இருக்கும்னு தெரியும்ல, மண்டபத்துக்காரங்க ஊதாவும் பச்சையுமா போட்டு வச்சிருப்பாங்க, கேமரால ஐஎஸ்ஓ ஏத்தாம எடுக்கவே முடியாது, ஏத்தினா படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், அத எடுக்காம பார்ட்டிக்கு குடுக்கவும் முடியாது. மொதல்ல ரேம்தான் பத்தலன்னு நெனச்சு 8லேர்ந்து 16 ஜிபி ஆக்கினேன், லேப்டாப் பொதுவா வேகமாச்சு, ஆனா அந்த மெசேஜ் மட்டும் போகல, ஏன்னா அது கேக்கறது கார்டோட சொந்த மெமரிய.

அப்பதான் எங்க பக்கம் ஒரு கடைல கேட்டேன், 1650 சிப்ப எடுத்துட்டு 3050 வச்சுத் தரேன், பதினஞ்சாயிரம் ஆகும்னாங்க. நானும் அட்வான்ஸ் குடுக்கற நெலமைக்கு வந்துட்டேன். நல்ல வேளை, அந்த வாரம் வேற வேலையா சென்னை போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல சிப் லெவல் வேலை பாக்கற ஒரு அண்ணன்கிட்ட லேப்டாப்ப காட்டினேன். அவர் பின்பக்கத்த தொறந்து ஹீட் சிங்க கூட எடுக்கல, பாத்தவுடனே சொல்லிட்டார், "தம்பி, இது சொருகற கார்டு இல்ல, போர்டோட ஒட்டினது. இதே சிப்பு செத்துப்போச்சுன்னா இதே சிப்ப வச்சுத் தருவேன். வேற சிப்பு வைக்கிறேன்னு எவனாச்சும் சொன்னா காசு குடுக்காத."

ஏண்ணே முடியாதுன்னு கேட்டதுக்கு பத்து நிமிஷம் நின்னு வெளக்கினார், அந்த மனுஷனுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும். சிப்புக்கு அடில நூத்துக்கணக்குல சின்ன சின்ன ஈய உருண்டை இருக்கும், ஒவ்வொரு உருண்டையும் போர்டுல ஒரு குறிப்பிட்ட எடத்துல போய் உக்காரணும், வேற மாடல் சிப்புன்னா அந்த அமைப்பே மாறிடும். அப்படியே ஒத்துப்போற சிப்பு கெடைச்சாலும் பக்கத்துல இருக்கற மெமரி சிப்பு, கரண்ட் குடுக்கற பகுதி, கிராபிக்ஸ இயக்கற வீபயாஸ்ங்கற உள் புரோகிராம் எல்லாமே பழைய சிப்புக்காக போட்டது. அதுக்கும் மேல ஹீட், ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேத்து ஒரே காப்பர் பைப்தான் ஓடுது, கம்பெனிக்காரன் 50 வாட்டுக்குன்னு கணக்கு போட்டு வச்சத 80 வாட்டுக்கு எப்படி பயன்படுத்துறது. சார்ஜரும் அதுக்கேத்த மாதிரிதான் குடுத்திருப்பான். ஆக சிப்ப மாத்தறதுன்னா கிட்டத்தட்ட லேப்டாப்பையே மாத்தற மாதிரி.

மாத்தற மாதிரி லேப்டாப்பே வரலையான்னா வந்துச்சு. எம்எக்ஸ்எம்னு ஒரு ஸ்லாட் முறை, அதுல கிராபிக்ஸ் தனி கார்டா, ரேம் மாதிரி சொருகி ஸ்குரு போட்டு வரும். டெல் ப்ரிசிஷன் எம்6800, எச்பி இசட்புக் 17, க்ளெவோ பாடில வந்த கேமிங் லேப்டாப் இதெல்லாம் அந்த ரகம். ஆபீஸ்கள்ல ஓட்டி கழிச்ச ப்ரிசிஷன்லாம் செகண்ட்ஸ்ல இப்பவும் கெடைக்குது. அதுலயும் கண்ண மூடிட்டு எந்த கார்டையும் போட முடியாது, ஏ டைப்பு 82க்கு 70 மில்லிமீட்டர், பி டைப்பு 82க்கு 105, அளவு சரியா இருந்தாலும் ஹீட் சிங்க் ஓட்டை பொருந்தணும், பயாஸ் ஏத்துக்கணும். பத்து வருஷத்துக்கு முந்தின ப்ராசஸரோட அத வாங்கி 4கே எடிட் பண்றது எனக்கு ஒத்துவராதுன்னு விட்டுட்டேன். புதுசுல ஃப்ரேம்வொர்க் 16னு ஒண்ணு இருக்கு, 2024லேர்ந்து ஆள் கைக்கு வருது, பின்னாடி கிராபிக்ஸ் மாட்யூல மட்டும் கழட்டி மாட்டலாம், மொதல்ல ரேடியான் 7700எஸ் குடுத்தாங்க, 2025ல அதே பாடிக்கு ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூல் 699 டாலருக்கு அறிவிச்சாங்க. சொன்னபடி அடுத்த தலைமுறை கார்ட பழைய பாடிலயே ஏத்திக் காட்டினது எனக்கு ரொம்ப மரியாதையா தோணுது. எல்லா கம்பெனியும் அப்படி பண்ணியிருந்தா நான் இவ்ளோ எழுத வேண்டியதே இல்ல.

சரி நம்ம கதைக்கு வருவோம். வெளில கார்டு வைக்க ரெண்டு வழி. உங்க லேப்டாப்ல தண்டர்போல்ட் இருந்தா, அதாவது டைப் சி ஓட்டை பக்கத்துல மின்னல் குறி போட்டிருந்தா, அது சுத்தமான வழி, கேபிள சொருகினா போதும், லேப்டாப்ப தொறக்கவே வேணாம். ஆனா கார்ட உள்ள வச்சு மாட்டற அந்த வெளி பெட்டி விலை அதிகம், கார்டு இல்லாம வெறும் பெட்டிக்கே பெரிய தொகை ஆகுது. தண்டர்போல்ட் 3ல 40 ஜிகாபிட்னு போட்டிருந்தாலும் கார்டுக்கு கெடைக்கிறது 22 சொச்சம்தான். எல்லா டைப் சியும் தண்டர்போல்ட் இல்ல, இதுல நெறைய பேர் ஏமாறுறாங்க, சார்ஜ் ஏறுது டிஸ்ப்ளே வருதுன்னா மட்டும் பத்தாது. எனக்கு அந்த போர்ட் இல்ல, அதனால ரெண்டாவது வழி, எம்.2 ஸ்லாட். எஸ்எஸ்டி சொருகற அதே ஸ்லாட்தான், அதுல பிசிஐ எக்ஸ்பிரஸ் நாலு லேன், அதாவது டேட்டா ஓடற நாலு பாதை, வரும், ஒரு சின்ன போர்ட அதுல சொருகி கேபிள வெளில இழுத்தா மறுமுனைல டெஸ்க்டாப் கார்டு மாட்டற நீள ஸ்லாட் கெடைக்கும். என் லேப்டாப்ல ரெண்டு எம்.2 இருந்துச்சு, ஒண்ணுல விண்டோஸ் இருக்கற எஸ்எஸ்டி, இன்னொண்ணு காலி. அந்த காலி ஸ்லாட்தான் என்னைய காப்பாத்துச்சு.

எனக்கு ஆன செலவு இது: சீனாவுலேர்ந்து வர்ற அந்த அடாப்டர் போர்டு, கேபிளோட சேத்து அஞ்சாயிரத்து ஐநூறு. கார்டுக்கு கரண்ட் குடுக்கற 550 வாட் எஸ்எம்பிஎஸ் புதுசு நாலாயிரம். செகண்ட்ஸ்ல ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பதினேழாயிரம். மானிட்டர் ஏற்கனவே இருந்துச்சு. மொத்தம் இருபத்தாறாயிரத்து ஐநூறு. அப்ப 4060 போட்ட லேப்டாப் கேட்டதுக்கு எண்பத்தஞ்சுக்கு கம்மியா யாரும் சொல்லல, அதுலயும் 8 ஜிபிதான் மெமரி. எனக்கு மெமரிதான் பிரச்சனைங்கறதால 12 ஜிபி கார்டுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். செகண்ட்ஸ் கார்டு வாங்கறவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, கிரிப்டோ காசு மைனிங்ல ராத்திரி பகலா ஓடின கார்டுங்க 2022 செப்டம்பர்ல எத்திரியம் மைனிங் நின்னதுக்கப்புறம் மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, இன்னமும் சுத்திட்டு இருக்கு. அதனால விக்கிறவர் கடைலயே மாட்டச் சொல்லி ஜிபியூ-இசட் சாஃப்ட்வேர்ல கார்டு பேர் சரியா வருதான்னு பாத்து, கார்ட முழு பாரத்துல ஓட்டற ஃபர்மார்க் டெஸ்ட்ட அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்த காது குடுத்து கேட்டுட்டு காச குடுங்க. நான் அப்படித்தான் வாங்கினேன், கார்டு இன்னிக்கு வரைக்கும் ஒரு தொல்லையும் தரல.

மாட்டறது கஷ்டமா இல்ல, ஆனா பொறுமை வேணும். பின்மூடிய கழட்டி பேட்டரி கனெக்டர எடுத்துட்டு போர்ட சொருகி ஒரு ஸ்குரு. கேபிள் வெளில வர வழி இல்ல, அதனால பின்மூடில ஒரு ஓரத்த தச்சர்கிட்ட குடுத்து அரம் வச்சு ராவி எடுத்தேன், வாரண்டி முடிஞ்ச லேப்டாப்புங்கறதால மனசு வந்துச்சு, வாரண்டில இருந்தா பண்ணியிருக்க மாட்டேன். மொதல்ல எஸ்எம்பிஎஸ ஆன் பண்ணனும், அப்புறம் லேப்டாப். மொத தடவை விண்டோஸ் வந்துச்சு, டிவைஸ் மேனேஜர்ல 3060 பேரும் வந்துச்சு, ஆனா மஞ்சள் முக்கோணம் போட்டு கோட் 12. அப்படின்னா கார்டுக்கு ஒதுக்க வேண்டிய வளம் சிஸ்டத்துல பத்தலன்னு அர்த்தம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன், கடைசில உள்ள இருக்கற 1650ய டிஸேபிள் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுத்ததும் முக்கோணம் போயிடுச்சு, டிரைவர் ஏறிச்சு, மானிட்டர்ல படம் வந்துச்சு. அந்த நிமிஷம் எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, எண்பதாயிரம் கடன் வாங்கற யோசனைல இருந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

வேலைல என்ன வித்தியாசம்னா, முன்னாடி அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் ஒண்ணு நாய்ஸ் ரிடக்‌ஷனோட எக்ஸ்போர்ட் ஆக முக்கால் மணி நேரம், அதுவும் நடுவுல நிக்காம போனா. இப்ப பதினாறு பதினேழு நிமிஷம். மெமரி ஃபுல் மெசேஜ் இந்த எட்டு மாசத்துல ஒரு தடவை கூட வரல. நோடு எத்தன போட்டாலும் கலர் பேஜ் தாங்குது. இன்னொரு நல்லது நான் எதிர்பாக்கவே இல்ல, கிராபிக்ஸ் சூடு வெளில போயிட்டதால லேப்டாப்புக்குள்ள அந்த காப்பர் பைப் முழுசும் ப்ராசஸருக்கே கெடைக்குது, ஃபேன் முன்ன மாதிரி அலறல, கீபோர்டு சுடல.

ஆனா ஒரு விஷயம் மாறவே இல்ல, இத யாரும் முன்கூட்டியே எனக்கு சொல்லல அதனால நான் சொல்றேன். சோனி கேமராவுலேர்ந்து வர்ற எச்.265 4:2:2 10 பிட் ஃபுட்டேஜ் டைம்லைன்ல போட்டா பழைய மாதிரியே தடுக்கித் தடுக்கித்தான் ஓடுது. காரணம் கார்டோட பலம் இல்ல, 4:2:2 எச்.265ய பிரிக்கிற ஹார்டுவேர் 3060ல இல்லவே இல்ல, என்விடியால 50 சீரிஸ்லதான் அது வந்துச்சு. இன்டெல்ல என் சிப்புக்கு அடுத்து வந்த 11ம் தலைமுறைல இருக்கு, என்கிட்ட இருக்கற 10300எச்ல இல்ல. அதனால ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ப்ராக்ஸி, அதாவது ஃபுட்டேஜோட லேசான நகல், போட்டுட்டு காலைல எடிட் பண்றேன். உங்க பிரச்சனை பிளேபேக் மட்டும்தான்னா கார்டுக்கு காசு போட்டுடாதீங்க, உங்க கேமரா ஃபார்மட் என்னன்னு மொதல்ல பாருங்க.

வேகத்துலயும் கொஞ்சம் இழப்பு இருக்கு. டெஸ்க்டாப்ல கார்டுக்கு பதினாறு லேன், இங்க நாலுதான், பிசிஐ 3.0ல நாலு லேன்னா செகண்டுக்கு 4 ஜிபி கிட்ட. கார்டுக்குள்ளயே நடக்கற நாய்ஸ் ரிடக்‌ஷன் மாதிரி வேலைக்கு இது பெருசா தெரியல, கேம்ல தெரியுது. அக்கா பையன் லீவுக்கு வந்தப்ப விளையாடிப் பாத்தான், வெளி மானிட்டர்ல ஜம்முன்னு ஓடுது, அதையே லேப்டாப் ஸ்க்ரீன்ல காட்டச் சொன்னா ஃப்ரேம் எறங்குது, ஏன்னா படம் அதே கேபிள்ல திரும்பி வரணும்ல. அதனால தனி மானிட்டர் இல்லாதவங்க அந்த செலவையும் கணக்குல சேத்துக்கோங்க. பழைய லேப்டாப்ல வைஃபை கார்டு ஸ்லாட்ல சொருகற ரகமும் விக்கிறாங்க, அது ஒரே ஒரு லேன், அத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்து கரண்ட். இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். லேப்டாப்ல பேட்டரி இருக்கு, கரண்ட் போனா பயம் இல்லன்னு நாம பழகிட்டோம், இந்த செட்டப்ல அது செல்லாது. கரண்ட் போனா லேப்டாப் உயிரோட இருக்கும், கார்டு செத்துடும், உடனே சிஸ்டம் அப்படியே ஃப்ரீஸ். ஆடி மாசம் காத்து அடிச்சு ஒரே சாயங்காலத்துல மூணு தடவை கரண்ட் போச்சு, ஒரு பெண் அழைப்பு எடிட்டுல ரெண்டு மணி நேர வேலை போச்சு எனக்கு. மறுநாளே ஒரு யூபிஎஸ் வாங்கி கார்டு எஸ்எம்பிஎஸ அதுல போட்டேன், அதுக்கு தனியா நாலாயிரத்து எரநூறு. மேல சொன்ன கணக்குல இதையும் சேத்தா முப்பதாயிரத்த தாண்டுது, அதுதான் உண்மையான விலை. அப்புறம் லேப்டாப் சார்ஜரும் எஸ்எம்பிஎஸும் ஒரே எர்த் இருக்கற பாயிண்ட்லதான் இருக்கணும், எர்த் சரியில்லாத வீட்டுல மொதல்ல எலெக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

ஸ்லீப்ல போட முடியாது, போட்டா எழுப்பறப்ப கார்டு காணாம போயிடுது, நான் ஸ்லீப்ப மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன். ஓடறப்ப கேபிள புடுங்கவே கூடாது. கார்டு தெறந்த மேனிக்கு மேசைல நிக்கறதால தூசி, அதவிட பல்லி, வேலை முடிஞ்சு கார்டு ஆறினதும் ஒரு துணி போட்டு மூடிட்டுத்தான் எந்திரிக்கிறேன். லேப்டாப்ப தூக்கிட்டு வெளில போகணும்னா எல்லாத்தையும் ஆஃப் பண்ணி கேபிள கழட்டணும், போன எடத்துல 1650ய திரும்ப எனேபிள் பண்ணிக்கணும், அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா தெனமும் காலேஜுக்கு தூக்கிட்டுப் போற பிள்ளைங்களுக்கு இது வேணவே வேணாம்.

அவங்களுக்கு சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. என் தங்கச்சி லேப்டாப் ஐ5 1135ஜி7, தனி கார்டு இல்ல, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக். டிவைஸ் மேனேஜர்ல யூஎச்டி கிராபிக்ஸ்னு காட்டுச்சு, கடைக்காரர் ஐரிஸ் எக்ஸ்இன்னு சொல்லித்தானே வித்தாரு, ஏமாத்திட்டாரோன்னு சந்தேகப்பட்டோம். பாத்தா அந்த கிராபிக்ஸுக்கு டூயல் சேனல் ரேம், அதாவது ரெண்டு ஸ்டிக் சேந்து வேலை செய்யறது, இருந்தாத்தான் ஐரிஸ் எக்ஸ்இன்னு பேரே வரும், சிப்புல தனி மெமரி இல்லாததால ரேமோட வேகம்தான் அதோட வேகம். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டோம், பேரும் மாறிச்சு, ப்ளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல அவ போட்டுப் பாக்கற சீன் சுத்தறப்ப தடுக்கறதும் நல்லா கொறைஞ்சிடுச்சு. ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்ச வேலை. ரைசன்ல வேகா கிராபிக்ஸ் வச்சிருக்கறவங்களும் மொதல்ல இத பாருங்க, காலி ரேம் ஸ்லாட் இருந்தா கார்டப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அத நெரப்புங்க.

புது லேப்டாப்தான் வாங்கறதுன்னு முடிவு பண்ணீங்கன்னா அப்புறம் மாத்த முடியாதுங்கறத மனசுல வச்சு வாங்குங்க. பேர் மட்டும் பாக்காதீங்க, ஒரே 4060 லேப்டாப்புக்கு லேப்டாப் 35 வாட்லேர்ந்து 115 வாட் வரைக்கும் வருது, ரெண்டும் ஒண்ணு இல்ல, டிஜிபி, அதாவது கிராபிக்ஸுக்கு கெடைக்கிற வாட், எத்தனன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. தண்டர்போல்ட் இல்லன்னா யூஎஸ்பி4, இல்ல ரெண்டாவது எம்.2 ஸ்லாட், ஏதாவது ஒண்ணு இருக்கான்னு பாத்துக்கோங்க, நாலு வருஷம் கழிச்சு அது உங்களுக்கு கை குடுக்கும்.

இந்த அடாப்டருக்கு என்னோட மார்க்கு அஞ்சுக்கு நாலு. வீட்டுலயே ஒரு எடத்துல உக்காந்து வேலை பாக்கறவங்க, மானிட்டர் வச்சிருக்கறவங்க, காலி எம்.2 இருக்கறவங்க, தயங்காம வாங்கலாம். ஒரு மார்க்க கொறைச்சது கேபிளுக்காக, பட்டை மாதிரி ரொம்ப மெல்லிசா இருக்கு, ரெண்டாவது மாசத்துல லேசா மடங்கி எரர் வர ஆரம்பிச்சு வேற கேபிள் எண்ணூறு ரூபாய்க்கு வாங்க வேண்டியதாச்சு. ரெண்டு நீளத்துல வருது, மேசைல எடம் பத்தும்னா சின்னத எடுங்க. வாங்கறப்ப இன்னும் ரெண்டு விஷயம், சில லேப்டாப்ல ரெண்டாவது எம்.2 வெறும் சாட்டாதான், அதாவது பிசிஐ லேன் வராத பழைய முறை, அதுல கார்டு வேலையே செய்யாது, மாடல் பேர் போட்டு என்விஎம்இ, அதாவது பிசிஐ வழியா ஓடற எஸ்எஸ்டி, சப்போர்ட் இருக்கான்னு பாத்துடுங்க. உங்க லேப்டாப் பிசிஐ 4.0ன்னா அடாப்டரும் 4.0க்கு ஏத்ததா வாங்குங்க, 3.0 கேபிள்ல 4.0 வேகம் ஓடறப்ப எரர் வரும், வேகத்த கொறைக்க நெறைய லேப்டாப் பயாஸ்ல வழி இருக்காது.

எனக்கு வர்ற தைல அஞ்சு கல்யாணம் புக் ஆகியிருக்கு, அது வரைக்கும் இந்த செட்டப்பே ஓடும். அதுக்கப்புறம் கையில காசு சேந்தா ஒரு டெஸ்க்டாப் கட்டலாம்னு இருக்கேன், 3060யும் எஸ்எம்பிஎஸும் அப்படியே அதுல ஏறிடும், அடாப்டர் மட்டும்தான் மிச்சம், அத தங்கச்சிக்கு குடுத்துடுவேன், அவ லேப்டாப்லயும் ஒரு எம்.2 காலியாத்தான் இருக்கு.